நொறுக்கப்பட்ட 76 ஃபிரிட்ஜுகள்

தகவல் துளி!

சீனாவின் சிங்தாவ் நகரில், 1985ஆம் ஆண்டு. வாங்கிய ஃபிரிட்ஜ் சரியில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார். ஆலை இயக்குநர் ஜாங் ருய்மின் கிடங்கில் இருந்த சுமார் 400 ஃபிரிட்ஜுகளையும் சோதிக்கச் சொன்னார். 76 ஃபிரிட்ஜுகளில் குறை! தொழிலாளர்களுக்கே மலிவு விலையில் தள்ளிவிடலாம் என்று யோசனை வந்தது. ஒரு ஃபிரிட்ஜின் விலை, தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சம்பளம். ஆனாலும் அவர் மசியவில்லை. செய்தவர்களையே சம்மட்டியால் அடித்து நொறுக்கச் சொன்னார். தானும் ஓங்கி அடித்தார்.

அந்தச் சம்மட்டி இப்போது பெய்ஜிங்கில், சீனத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடனில் தத்தளித்த அந்த ஆலையோ, இன்று வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிப்பில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றான ஹையர்!