அசல் அழிந்தது, நகல்களும் அழிந்தன!

2013-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி. கே.டி.இ. என்னும் கம்ப்யூட்டர் அமைப்பின் தலைமை சர்வரைப் பராமரிப்பு வேலைக்காக நிறுத்தினார்கள். மீண்டும் ஓடவிட்டபோது உள்ளே இருந்த கோப்புகள் சிதைந்து கிடந்தன. சுமார் 1,500 புரோகிராம் தொகுப்புகள்! பலர் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியவை. நகல் வைத்த சர்வர்களைப் போய்ப் பார்த்தால், அங்கேயும் அதே கதிதான்.

கே.டி.இ. என்பது 1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்பவர் தொடங்கியது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் திரையில் நாம் பார்க்கும் ஜன்னல், மெனு போன்றவற்றை உருவாக்கும் அமைப்பு. இதற்காக எழுதப்படும் வரிகளுக்கு 'சோர்ஸ் கோடு' என்று பெயர். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே சர்வரில் போய் முட்டினால் அது தாங்குமா? ஆகவே பல இடங்களில் நகல் சர்வர்கள் வைத்திருக்கிறார்கள். இவற்றை 'மிர்ரர்', அதாவது கண்ணாடி என்பார்கள். அசலில் மாறுவது சிறிது நேரத்தில் கண்ணாடியிலும் மாறிவிடும்.

சார்ட்டும் பெட்டியும்

இப்படி நகல் எடுக்கப் பல இடங்களில் பயன்படுவது 'ஆர்சிங்க்' என்ற புரோகிராம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் வெளியிட்டார்கள். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கணக்குப் போட்டு, இரு பக்கமும் ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும்.

எதை முதலில் அனுப்புவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. டெபியன் என்று ஒரு லினக்ஸ் வகை. (சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இதன் மேல் கட்டப்பட்டதுதான்.) டெபியன் கண்ணாடிகளில் புதிய கோப்புகளை முதலில் இறக்குவார்கள், பட்டியலை அதன் பிறகே மாற்றுவார்கள், பழையதை அழிப்பது கடைசியில். ரெயில்வேக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஸ்-9 பெட்டியை இணைக்காமல் சார்ட்டில் எஸ்-9 என்று ஒட்டிவிட்டால், மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் ஓடுகிறவர் பாடு என்ன?

சொன்னதைச் செய்தன

கே.டி.இ. விவகாரத்தில் பட்டியலே கெட்டுப்போனது. நகல் சர்வர்கள் அதைப் படித்தன. தொகுப்புகளைக் காணோம், ஆகவே தங்களிடம் இருந்ததையும் அழித்தன. விசுவாசமான வேலைக்காரன் செய்த வினை! கண்ணாடியை நம்பினார்களே தவிர, தேதி போட்டுத் தனியாக எடுத்துவைத்த பழைய பிரதிகள் கையில் இல்லை. போனில் உள்ள கல்யாணப் படங்கள் 'நெட்'டிலும் இருக்கின்றன என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். இரண்டும் இணைந்திருந்தால் இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். இது பலருக்குத் தெரியாது.

நல்ல வேளையாக ஒரே ஒரு சர்வரில் மட்டும் அந்தக் கெட்ட மாற்றம் போய்ச் சேரவில்லை. அங்கே பிரதி முழுசாக இருந்தது. அதை வைத்தே எல்லாவற்றையும் மீட்டார்கள்.

பிறகு விதியை மாற்றினார்கள். பட்டியல் திடீரென்று அளவுக்கு மீறி மாறியிருந்தால், நகல் சர்வர்கள் அதை ஏற்காமல் பழைய பட்டியலையே வைத்துக்கொள்ளும்படி அப்போது செய்தார்கள்.