உள்ளங்கை சொல்லும் ரகசியம்

மாலை வேளையில் கூடத்து மூலையில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பையனைப் பாருங்கள். முகத்தில் யாதொரு சலனமும் இல்லை. 'ஏதோ பொழுது போக்குகிறான்' என்று தாயார் நினைக்கிறாள். ஆனால் அவனுடைய உள்ளங்கை வியர்த்திருக்கிறது. நாடி துரிதமாக அடிக்கிறது. முகம் மறைப்பதை உடம்பு மறைப்பதில்லை.

இது புதிதாகக் கண்ட உண்மையல்ல. 1888-ம் வருஷத்திலேயே பிரெஞ்சு வைத்தியர் சார்ல்ஸ் ஃபேரே என்பவர், மனம் கிளர்ச்சியுறும்போது சருமத்தில் மின்சாரம் பாயும் தன்மை மாறுகிறது என்று காட்டினார். பயமோ, ஆவலோ, கோபமோ, எது வந்தாலும் வியர்வைச் சுரப்பிகள் விழித்துக் கொள்கின்றன. ஈரமான தோலில் மின்சாரம் சுலபமாகப் பாய்கிறது. இக்காலத்தில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டைகள் சில இதையே அளக்கின்றன. அவற்றின் அடிப்புறத்தில் மினுக்கும் பச்சை விளக்கோ, இரத்த ஓட்டத்தை உளவு பார்த்து நாடியைக் கணக்கிடுகிறது.

விளையாட்டுகளைப் படைப்போர் இதைக் கவனியாமல் இருப்பார்களா? 1998-ல் ஜப்பானில் வெளியான 'டெட்ரிஸ் 64' என்னும் ஆட்டத்துடன், காது மடலில் மாட்டி நாடியை அறியும் கருவி ஒன்றும் வந்தது. 2015-ல் வெளியான 'நெவர்மைண்ட்' என்ற ஆட்டம் இன்னும் விசித்திரமானது. ஆடுகிறவர் பயந்தால் ஆட்டமும் கடுமையாகும். அவர் மனத்தை அமைதிப்படுத்திக் கொண்டால் அதுவும் சாந்தமடையும். பதற்றத்தை அடக்கப் பழகுவதற்கு இது நல்ல பள்ளிக்கூடம் அல்லவா?

ஆயினும் கருவியின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளலாகாது. நிண்டெண்டோ கம்பெனியார் 2009-ல் விரலில் மாட்டும் நாடிக் கருவி ஒன்றை அறிவித்தார்கள். எல்லாருடைய உடம்பிலும் அது சரிவர வேலை செய்யவில்லை என்று 2013-ல் கம்பெனியின் தலைவர் சதோரு இவாட்டாவே ஒப்புக்கொண்டார். அது கடைக்கு வரவே இல்லை. அன்றியும், உடம்பு சொல்வது உணர்ச்சியின் வேகத்தை மட்டுமே. அதன் ஜாதியை அல்ல. ஜயித்தவனுக்கும் நாடி துடிக்கும், தோற்றவனுக்கும் துடிக்கும், மாடிப்படி ஏறி வந்தவனுக்கும் துடிக்கும்!

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குழந்தையின் பதற்றத்தை அறிந்த யந்திரம் அந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? 'போதும், இளைப்பாறு' என்று சொல்லலாம். அல்லது, மனம் தளர்ந்த அந்த நிமிஷம் பார்த்து, 'பணம் கட்டினால் இன்னொரு தடவை ஆடலாம்' என்று ஆசை காட்டவும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டமொன்று, வைத்தியமும் பாதுகாப்பும் நீங்கலாக, பள்ளிக்கூடங்களிலும் வேலை ஸ்தலங்களிலும் மனிதரின் உணர்ச்சியை யந்திரத்தால் துருவுவதைத் தடுத்திருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அந்தத் தடை அமுலில் இருக்கிறது. ஆனால் அது அவ்விரண்டு இடங்களைப் பற்றியதே; வீட்டுக் கூடத்தைப் பற்றியதல்ல.

அங்கே காவல் பெற்றோருடையது. கைபேசியைச் சற்றே கீழே வைக்கச் சொல்லி, பையனின் உள்ளங்கையைத் தாயார் தொட்டுப் பார்க்கட்டும். அவள் அறியும் ரகசியம் எந்தக் கம்பெனிக்கும் போய்ச் சேராது!