பயிற்சியாளரின் பளு

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ளது பெரியநாயக்கன்பாளையம். அங்குள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தில் உடற்கல்விக்கென மாருதி கல்லூரி நடைபெறுகின்றது. விளையாட்டைக் கற்பிக்க விரும்பும் இளைஞர் அங்குப் பயில்கின்றனர். அவர்கள் மேற்கொள்ளவிருக்கும் தொழிலின் பளுவைப் பலர் அறியார்.

ஓடி ஆடுபவர் வீரர். ஓரத்தில் நிற்பவருக்குக் களைப்பு ஏது என நாம் எண்ணலாம். உண்மை வேறு. வீரரின் பளு, ஆட்டம் முடிந்ததும் பெரிதும் இறங்கிவிடுகின்றது. பயிற்சியாளரோ களத்தில் புகுந்து பந்தைத் தொட இயலாது; எனினும், தோல்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரே. உண்ணும்போதும் அடுத்த ஆட்டமே அவர் நினைவு. உறக்கம் குறைகின்றது, சினம் மிகுகின்றது. அவர் முகம் வாடினால் அணியின் ஊக்கமும் வாடும். ஆதலின், அவரது ஓய்வு அவர் ஒருவரை மட்டும் பற்றியதன்று.

2024 ஜூனில் இந்தியக் கிரிக்கெட் அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. கோப்பை கைக்கு வருமுன்னரே, பயிற்சியாளர் இராகுல் திராவிட் அப்பதவிக்கு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது என அறிவித்திருந்தார். ஆட்டங்களின் நெருக்கத்தையும் தம் வாழ்க்கை நிலையையுமே அவர் காரணமாகக் கூறினார்.

ஜெர்மானியரான ரால்ஃப் ராங்னிக்கின் செய்தி இன்னும் வியப்பானது. 2011 மே திங்களில் அவருடைய ஷால்கே கால்பந்து அணி ஜெர்மன் கோப்பையை வென்றது. செப்டம்பரில் அவர் பதவி விலகினார். தோல்வியன்று, உடலும் மனமும் ஒருங்கே சோர்ந்தமையே காரணம். அதனை மறைக்காது உரைத்தாரே, அதுவும் ஒரு துணிவுதான்! மறு ஆண்டில் வேறு பொறுப்பேற்றுத் திரும்பினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில், பிரான்சும் நெதர்லாந்தும் இருந்த பிரிவில், அவர் பயிற்றுவித்த ஆஸ்திரியா முதலிடம் பெற்றது.