'எங்க எடிஷன்தான் பெஸ்ட்!' - 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ரசிகர்களின் தீராத சண்டை ஏன்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸின் முதல் எபிசோடில் நான்கு பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி அரக்கனோடு மோதுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விளையாட்டுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்க, 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. இதன் ரசிகர்களுக்குள் பல வருடங்களாக ஒரு சண்டை ஓடுகிறது: எந்தப் பதிப்பு நல்ல பதிப்பு?

விதி மாறினால் ஏன் கோபம்?

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் முடிவுசெய்யும். ஒரே பாத்திரத்தை வருடக்கணக்கில் வளர்ப்பவர்கள் உண்டு. புதிய பதிப்பு வந்தால் அந்தப் பாத்திரத்தின் கணக்கே மாறிவிடும். காசு போட்டு வாங்கிய புத்தகங்களும் அலமாரியில் தூங்கும்.

2008-ல் என்ன நடந்தது?

பெரிய சண்டை வெடித்தது நான்காம் பதிப்பில்தான். வாள்வீரன், மந்திரவாதி எல்லோருக்கும் ஒரே அமைப்பில் சக்திகள் கொடுக்கப்பட்டன: சில எப்போது வேண்டுமானாலும், சில ஒரு மோதலுக்கு ஒருமுறை, சில நாளுக்கு ஒருமுறை. எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, இது கம்ப்யூட்டர் கேம் போல இருக்கிறது என்றார்கள் எதிர்ப்பாளர்கள். பழைய விதியில் லெவல் ஏற ஏற மந்திரவாதி மட்டுமே ஜொலிப்பார், இப்போதுதான் எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்றது இன்னொரு தரப்பு.

போட்டியாளர் வந்தது எப்படி?

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் திறந்த உரிமம் கொடுத்திருந்தது. அதை வைத்தே 'பைசோ' நிறுவனம் 2009-ல் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டைக் கொண்டுவந்தது. பழைய விதிகளை விட மனமில்லாத பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

சமாதானம் ஆனதா?

ஓரளவு. ரசிகர்களிடமே விதிகளைக் கொடுத்து விளையாட வைத்து, கருத்து கேட்ட பிறகுதான் 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. பிரிந்த பலர் திரும்பினார்கள். 2023 ஜனவரியில் திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு கசிந்தபோது, பதிப்புச் சண்டையை மறந்து எல்லோரும் எதிர்த்தார்கள். பலர் ஆன்லைன் சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. 2024-ல் விதிகள் மறுபடி திருத்தப்பட்டபோது, அதை 'ஆறாம் பதிப்பு' என்று நிறுவனம் அழைக்கவில்லை.

புதிதாக விளையாட ஆசையா? புத்தகம் வாங்கும் முன், உங்க குரூப் எந்தப் பதிப்பில் ஆடுகிறது என்று கேட்டுவிடுங்கள். காசும் மிச்சம், சண்டையும் மிச்சம்!