பிணைப்பே உயிர்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், பாவு தீர்ந்ததும் தறியைக் கலைப்பதில்லை. பழைய இழைகளின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே வேறு எஞ்சின் பொருத்துவதும் அத்தகையதே. எஞ்சினைத் தூக்கி வைத்தல் எளிது. தாங்கிகள், கிளட்ச், கியர்பெட்டி, ரேடியேட்டர், மின்கம்பிகள் ஆகியவற்றோடு அதனைப் பொருந்த இணைத்தலே அரிது. ஆற்றல் மிகுந்தால் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுத்தல் வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் எண்ணும் பதிவுச்சான்றில் உள்ளது. ஆதலால், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுதல் நன்று. ஓரிழை பிணையாது விடுபட்டால் சேலையில் கோடு விழும்; வண்டியில் ஓர் இணைப்புத் தளர்ந்தால் உயிரே போகும்.