சட்டை ஆர்டரும் டான்செட் கேள்வியும்

டான்செட் என்றதும் நம் பிள்ளைகள் கணக்கை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் இந்த நுழைவுத் தேர்வின் எம்பிஏ தாளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். ஐந்து பகுதிகளில் கணக்கு ஒன்றுதான். மற்றவை தொழில் சூழலை ஆராய்வது, பத்தியைப் படித்து விடை சொல்வது, கொடுத்த தகவல் போதுமா என்று பார்ப்பது, ஆங்கில இலக்கணம்.

இதில் தொழில் சூழல் பகுதி பலருக்குப் புரிவதே இல்லை. ஆனால் ரெடிமேட் சட்டை தைக்கும் நத்தம் ஊர்க்காரர்களுக்கு இது வீட்டுப் பேச்சு. தீபாவளிக்குள் 2,000 சட்டை கேட்டு ஆர்டர் வருகிறது. புது மெஷின் வாங்குவதா, வீடுகளுக்குக் கூலிக்குக் கொடுத்துத் தைப்பதா? இதைப் பத்தியாக எழுதி, அதிலுள்ள ஒவ்வொரு விஷயத்தையும் வகை பிரிக்கச் சொல்வார்கள். நாள் தவறாமல் சரக்கை அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் முக்கிய நோக்கம், அதாவது மேஜர் அப்ஜெக்டிவ். தையல் ஆள் கிடைப்பது மேஜர் ஃபாக்டர். காஜா எடுப்பவருக்கான பஸ் செலவு மைனர் ஃபாக்டர். பண்டிகை முடிந்த பிறகும் அதே கடைக்காரர் ஆர்டர் தருவார் என்று முதலாளி நம்பிக்கொள்வது அசம்ப்ஷன், அதாவது ஊகம். அவருடைய மருமகன் வாத்தியார் வேலை பார்ப்பது இந்த முடிவுக்குத் தேவையே இல்லாத சேதி. ஊகத்தை ஃபாக்டர் என்று குறித்துவிடுவதில்தான் மார்க் போகும்.

தகவல் போதுமா என்ற பகுதியில் விடையைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். ஒரு சட்டையின் அடக்கவிலை என்ன? முதல் தகவல்: 180 ரூபாய்க்கு விற்றால் அடக்கத்தில் 20 சதவீதம் லாபம். இரண்டாவது: துணிக்கு மட்டும் 90 ரூபாய். முதல் தகவல் மட்டுமே போதும் என்று குறித்துவிட்டு நகர வேண்டும். 150 என்று கணக்குப் போட்டு முடிக்கிறவர் நேரத்தை இழக்கிறார்.

ஐஐஎம்களுக்கான கேட் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம் என்று பூட்டு உண்டு, நேரம் தீர்ந்ததும் அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. டான்செட்டில் அது இல்லை. கை வந்த பகுதியை முதலில் எழுதலாம்.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும். ஐந்து விடைகள் கொடுத்த கேள்வியில் கண்ணை மூடிக் குறித்தால் நஷ்டம். ஒன்று தவறென்று உறுதியானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டை ஒதுக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உண்மையான தடை ஆங்கிலம்தான். தாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் கணக்குப் புத்தகத்தோடு ஓர் ஆங்கிலப் பேப்பரின் வணிகப் பக்கத்தையும் தினமும் எடுங்கள். ஒரு செய்தியைப் படித்து, இந்த முதலாளிக்கு என்ன வேண்டும், அவரைத் தடுப்பது எது, எதை நம்பி இறங்குகிறார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். முதல் வாரம் அரை மணி நேரம் பிடிக்கும்.