வீட்டு ஸ்மார்ட் பிளக் வயலுக்கு வந்தால்…

செல்போனைத் தட்டினால் விளக்கு எரியுது, மோட்டார் ஓடுது. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அலையிற உழவருக்கு இது நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனா கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் பிளக் பெரும்பாலும் வீட்டுக்குள் மாட்டவே செய்தது. அட்டையில் ஐ.பி.20 என்று இருந்தால், கடைசியில் உள்ள 0 தண்ணீருக்கான எண். தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லை என்று அர்த்தம். 44 தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், 65 பீய்ச்சி அடிப்பதையும் தாங்கும்.

நம்மாட்கள் அதிகம் கேட்பது விளக்குப் பொறிக்குத்தான். சாயங்காலம் 6 மணிக்கு எரிந்து 10 மணிக்குள் அணைந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தப்பிக்கும். தூங்கிப்போனாலும் பிளக் தானே அணைக்கும். ஆனா பொறி என்றாலே பல்புக்குக் கீழே தண்ணீர்த் தட்டு! அதனால் பிளக்கை வீட்டுக்குள்ளேயே சுவரில் மாட்டி, வெளியில் போட ஏற்ற ஒயரை மட்டும் பொறிக்கு இழுங்க. சுவருக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே வளைத்து விட்டால் மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும், உள்ளே வராது.

வெளியேதான் வைக்கணும்னா மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிழலில், இடுப்பு உயரத்துக்கு மேல். இரும்புப் பெட்டி வைஃபையை மறைக்கும், சித்திரை வெயிலில் அடுப்பாவும் ஆயிடும். ஒயர் அடிப்பக்கமாக நுழையட்டும். ஓட்டையை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறிடும். பாலித்தீன் கவரைச் சுத்திக் கட்டுற பழக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, அந்த ஈரமே ஷார்ட் ஆக்கும்.

மோட்டார் விஷயம் வேற. 16 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு! பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலே ஒட்டிக்கொண்டால், போனில் ‘ஆஃப்’ காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். ஒயர்மேனை வைத்து கான்டாக்டர் போட்டு, அதன் காயிலை மட்டும் பிளக் இயக்கட்டும். மூணு பேஸ் போர் மோட்டாருக்கு இந்த பிளக்கே வேண்டாம், அதற்கென்றே மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கு.

எல்லாத்தையும் விட எனக்குப் பயம் ஒன்றில்தான். ஒருத்தர் ஃபுட் வால்வைக் கழட்டிக்கிட்டு இருப்பார், ஜெயங்கொண்டத்தில் இருக்கும் மகன் தெரியாமல் போனைத் தட்டுவான். கரண்ட் போய்த் திரும்பினாலும் சில பிளக் பழைய நிலைக்கே போய் மோட்டாரைக் கிளப்பிவிடும். செயலியில் ‘மின்சாரம் வந்ததும் அணைந்தே இருக்கட்டும்’ என்று மாற்றி வையுங்க. கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்க, இல்லாவிட்டால் மெயினை இறக்குங்க. பல பிளக்குகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ‘ஆஃப்’ ஆன மோட்டாரிலும் கரண்ட் நிற்கும்.

இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் கட்டாயம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற நமக்கும் மாட்டுக்கும் கசிவு வந்தால் நொடியில் துண்டிப்பது அதுதான். பிளக்கை விட ஆர்.சி.சி.பி. விலை கூடவா இருக்கேன்னு சிலர் யோசிக்கிறாங்க. பணம் ஒன்றுக்குத்தான் இருக்குன்னா, முதலில் ஆர்.சி.சி.பி. வாங்குங்க. அதிலுள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. ஐப்பசி மழை பிடிக்கும் முன் கண்டிப்பா ஒருமுறை.